லாஸ் வேகஸில் ரக்பி லீக் பார்க்கப் போகிறீர்களா? பாஸ்போர்ட்டிலிருந்து தொடங்குங்கள்

2024 முதல், ஆஸ்திரேலியாவின் ரக்பி லீக் தொடரான என்ஆர்எல்லின் முதல் ஆட்டங்கள் அமெரிக்காவின் லாஸ் வேகஸில், அலீஜியன்ட் ஸ்டேடியத்தில் நடக்கின்றன. ஒப்பந்தம் 2028 வரை. இதுவரை மார்ச் 2 (2024), மார்ச் 1 (2025), பிப்ரவரி 28 (2026) என்று எல்லாமே சனிக்கிழமைகள். அதனால் பிப்ரவரி கடைசி, மார்ச் முதல் வாரத்தை மனதில் வைத்து அலுவலகத்தில் லீவு சொல்லி வைக்கலாம்.

முதல் முறை போகிறவர்கள் பெரும்பாலும் டிக்கெட்டில் ஆரம்பிக்கிறார்கள். அது தலைகீழ் வரிசை. அரங்கில் ஏறத்தாழ 65,000 இருக்கைகள் உண்டு. 2024ல் வந்தவர்கள் 40,746 பேர், 2025ல் 45,209 பேர். இடத்துக்குப் பஞ்சமில்லை. நேரத்தைத் தின்பது விசா, பணத்தைத் தின்பது விமானமும் அறையும். அந்த வரிசையிலேயே கீழே படிகள் உள்ளன. சிட்னி, மெல்பர்ன் பக்கம் இருக்கும் தமிழர்களை முன்வைத்து எழுதியது இது. வேறு ஊரிலிருந்து கிளம்புகிறவர்களுக்கானது அங்கங்கே வரும்.

1. உங்கள் கையில் இருப்பது எந்த நாட்டு பாஸ்போர்ட்?

எங்கே வசிக்கிறீர்கள் என்பதை அமெரிக்கா பார்ப்பதில்லை, எந்த நாட்டுக் குடிமகன் என்பதைத்தான் பார்க்கிறது. ஆஸ்திரேலிய, நியூசிலாந்து, பிரிட்டிஷ் பாஸ்போர்ட் என்றால் விசா வேண்டாம், எஸ்டா என்ற இணைய அனுமதி போதும். இந்திய, இலங்கை பாஸ்போர்ட் என்றால், ஆஸ்திரேலியாவில் நிரந்தர வதிவுரிமை பெற்று இருபது வருடம் ஆனாலும், பி1/பி2 சுற்றுலா விசா எடுத்தே ஆக வேண்டும். ஒரே வீட்டில் கணவருக்கு எஸ்டா, மனைவிக்கு விசா என்று ஆவது சாதாரணம். குடும்பத்தில் யாருக்கு நீண்ட வழியோ அவருடைய வேலையை முதலில் முடியுங்கள்.

ஓசிஐ கார்டு (இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) வைத்திருப்பது எஸ்டாவுக்குத் தடையல்ல. இந்தியாவிலோ இலங்கையிலோ பிறந்ததும் தடையல்ல. ஆனால் 2011 மார்ச் 1க்குப் பிறகு ஈரான், ஈராக், சிரியா, சூடான், லிபியா, சோமாலியா, ஏமன், வட கொரியா ஆகியவற்றில் எங்கேயாவது போயிருந்தாலும், 2021 ஜனவரி 12க்குப் பிறகு கியூபா போயிருந்தாலும் எஸ்டா கிடைக்காது. அவர்களுக்கும் விசாதான்.

பழைய இந்திய பாஸ்போர்ட்டில் இன்னும் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருக்கிறதா? இன்றும் இந்தியக் குடிமகன் என்றால் பழையது, புதியது இரண்டு பாஸ்போர்ட்டையும் கையோடு எடுத்துப் போங்கள், அது போதும். நடுவில் ஆஸ்திரேலியக் குடியுரிமை வாங்கியிருந்தால் அந்த விசாவைப் புதிய பாஸ்போர்ட்டோடு சேர்த்துக் காட்ட முடியாது. எஸ்டா எடுங்கள்.

2. எஸ்டா எடுப்பவர்களுக்கு

கட்டணம் 2025 செப்டம்பர் 30 முதல் சுமார் 40 அமெரிக்க டாலர். முன்பு 21 டாலர் இருந்தது. பழைய கட்டுரைகளில் அந்தத் தொகைதான் இருக்கும். கைக்குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் தனி எஸ்டா வேண்டும். இரண்டு வருடம் செல்லும்; அதற்குள் பாஸ்போர்ட் காலாவதியானால் எஸ்டாவும் அதோடு முடிந்தது. ஒரு முறை போனால் 90 நாள் வரை தங்கலாம்.

தேடுபொறியில் மேலே வரும் விளம்பரத் தளங்கள் அரசுத் தளம் மாதிரியே இருக்கும், கட்டணத்தை மட்டும் இரண்டு மூன்று மடங்கு வாங்கும். முகவரி 'டாட் கவ்' என்று முடிகிறதா என்று பார்த்த பிறகே கார்டு எண்ணைக் கொடுங்கள்.

படிவத்தில் நம்மவர்கள் சிக்கிக்கொள்ளும் இடங்கள் மூன்று. முதலாவது, இதற்கு முன் வேறு நாட்டுக் குடியுரிமை இருந்ததா என்ற கேள்வி. இந்தியராகவோ இலங்கையராகவோ இருந்து மாறியவர்கள் 'ஆம்' என்று போட்டு விவரம் தர வேண்டும். இரண்டாவது, அமெரிக்க விசா எப்போதாவது மறுக்கப்பட்டதா என்ற கேள்வி. பதினைந்து வருடம் முன்பு சென்னைத் துணைத் தூதரகத்தில் மாணவர் விசா மறுக்கப்பட்டிருந்தாலும் அது கணக்கில் உண்டு. பழைய பதிவு அவர்களிடம் இருக்கிறது. மறைத்தால் பொய் சொன்ன குற்றம் சேர்ந்துகொள்ளும். உண்மையைச் சொல்லி எஸ்டா மறுக்கப்பட்டால் விசாவுக்கு விண்ணப்பிக்க வழி திறந்தே இருக்கும். மூன்றாவது, பாஸ்போர்ட் எண்ணில் பூஜ்யத்துக்கும் ஓ எழுத்துக்கும் உள்ள வித்தியாசம். ஓர் எழுத்து தவறினாலும் விமான நிலைய கவுன்டரில் உங்கள் எஸ்டா தென்படாது. எண் தப்பானால் திருத்த வழியில்லை, பணம் கட்டிப் புதிதாக எடுக்க வேண்டும்.

பலருக்குச் சில மணி நேரத்திலேயே அனுமதி வந்துவிடும். புறப்பட 72 மணி நேரம் முன்பாவது விண்ணப்பியுங்கள் என்பது அதிகாரபூர்வ அறிவுரை. விமான டிக்கெட் எடுக்கும் முன்பே எடுத்துவிடுவது நல்லது: மறுக்கப்பட்டால் விசா நேர்காணலுக்கு நேரம் மிச்சமிருக்கும்.

3. விசா எடுப்பவர்களுக்கு

டிஎஸ்-160 என்ற இணைய விண்ணப்பப் படிவம், 185 டாலர் கட்டணம், நேர்காணல் என்று மூன்று கட்டம். கட்டணம் திரும்பக் கிடைக்காது. 2025 ஜூலையில் நிறைவேறிய அமெரிக்கச் சட்டம் ஒன்றில் விசாவுக்குக் கூடுதலாக 250 டாலர் வசூலிக்க இடமிருக்கிறது. நீங்கள் விண்ணப்பிக்கும் நாளில் அது நடைமுறையில் உள்ளதா என்று தூதரகத் தளத்தில் பார்த்து பட்ஜெட் போடுங்கள்.

விண்ணப்பத்தைக் குடியுரிமை உள்ள நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் கொடுக்க வேண்டும் என்பது 2025 செப்டம்பரிலிருந்து அமெரிக்க வெளியுறவுத் துறையின் நிலை. ஆஸ்திரேலியாவில் வசிக்கும் இந்தியர், இலங்கையர் சிட்னி, மெல்பர்ன், பெர்த் துணைத் தூதரகங்களில் கொடுக்கலாம். நேர்காணலுக்கு எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்பதை வெளியுறவுத் துறையே ஊர்வாரியாக வெளியிடுகிறது. சென்னையிலிருந்து விண்ணப்பிப்பவர்கள் ஆட்டத்துக்கு ஒரு வருடம் முன்பே இறங்கிவிட வேண்டும். அணிகள் எவை என்று அறிவிக்கட்டும் என்று காத்திருந்தால் தேதி கைவிட்டுப் போய்விடும்.

டிஎஸ்-160 நிரப்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இருபது நிமிடம் தொடாமல் விட்டால் பக்கம் மூடிக்கொள்ளும், ஆகவே முதலில் வரும் விண்ணப்ப எண்ணைக் குறித்துவைத்து அடிக்கடி சேமியுங்கள். கடந்த ஐந்து வருடத்தில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குப் பெயர்களையும் கேட்பார்கள். புகைப்படம் 2க்கு 2 அங்குலம், வெள்ளைப் பின்னணி, கண்ணாடி அணியாமல்.

பெயர் விஷயத்தில் கவனம் வேண்டும். நம் ஊர் பாஸ்போர்ட் பலவற்றில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும். அப்படியானால் இருக்கும் ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டு, முதல் பெயர் கட்டத்தில் எஃப்என்யூ (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று போடுவது அமெரிக்க வழக்கம். விசாவிலும் அப்படியே அச்சாகும். விமான டிக்கெட்டில் பெயர் எப்படி வர வேண்டும் என்பதை விசா கைக்கு வந்தபின் விமான நிறுவனத்தில் கேட்டு அதற்கு ஏற்ப எடுங்கள். அப்பா பெயரை டிக்கெட்டில் ஒரு மாதிரியும் விசாவில் இன்னொரு மாதிரியும் போட்டால் செக்-இன் கவுன்டரில் மாட்டிக்கொள்வீர்கள்.

நேர்காணலுக்கு டிஎஸ்-160 உறுதிச்சீட்டு, பாஸ்போர்ட், வதிவுரிமைக் கடிதம், வேலையிடத்தின் லீவுக் கடிதம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வங்கி அறிக்கை ஆகியவற்றை எடுத்துப் போங்கள். பல நேரம் காகிதத்தைத் தொடவே மாட்டார்கள்; இரண்டு மூன்று நிமிடப் பேச்சில் முடிவாகிவிடும். 'என்ஆர்எல் ஆட்டம் பார்க்கப் போகிறேன், சனிக்கிழமை ஆட்டம், செவ்வாய்க்கிழமை சிட்னி திரும்புகிறேன், புதன்கிழமை வேலை' என்று தேதியோடு சொல்லுங்கள். எதற்காக, எத்தனை நாள், ஏன் திரும்பி வருவீர்கள் என்ற மூன்றுக்கும் அந்த ஒரு பதிலிலேயே விடை இருக்கிறது. விசா கைக்கு வரும்வரை பணம் திரும்பாத எதையும் வாங்காதீர்கள்.

அமெரிக்காவுக்குள் போவதிலேயே குறியாக இருந்து பலர் கோட்டைவிடுவது ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பி வரும் உரிமையை. நிரந்தர வதிவுரிமையின் பயண அனுமதி ஐந்து வருடம்தான். அது முடிந்திருந்தால் கிளம்பும் முன் ரெசிடென்ட் ரிட்டர்ன் விசா எடுக்க வேண்டும். பிரிட்ஜிங் விசா என்ற இடைக்கால விசாவில் இருப்பவர்கள் பி வகை பிரிட்ஜிங் விசா இல்லாமல் நாட்டை விட்டுக் கிளம்பவே கூடாது.

4. தேதிக் கணக்கும் விமானமும்

பிப்ரவரிக் கடைசியில் சிட்னி, லாஸ் வேகஸைவிட 19 மணி நேரம் முன்னே இருக்கும். புதன் காலை 10 மணிக்கு சிட்னியில் ஏறினால், பதின்மூன்றரை மணி நேரம் பறந்து, அதே புதன் அதிகாலை நாலரைக்கு லாஸ் ஏஞ்சலஸில் இறங்குவீர்கள். அறையை எந்தத் தேதியிலிருந்து பிடிப்பது என்பதில் இங்கேதான் குழம்புவார்கள். திரும்பும்போது ஒரு நாள் காணாமல் போகும்: ஞாயிறு இரவு பத்தரைக்கு ஏறினால் சிட்னியில் இறங்குவது செவ்வாய் காலை. திங்கட்கிழமைக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் லீவு வேண்டும்.

புதன்கிழமையே போய்ச் சேர்வது நல்லது. வெள்ளிக்கிழமை இறங்கினால் சனிக்கிழமை மதியம் கண் திறக்காது. ரசிகர் கொண்டாட்டங்களும் வாரக் கடைசிக்கு முன்பே தொடங்கிவிடும். 2024, 2025 இரண்டு வருடமும் பழைய நகர்ப் பகுதியில் உள்ள ஃப்ரீமான்ட் தெருவில் வீரர்களை மேடையேற்றினார்கள்.

லாஸ் ஏஞ்சலஸ் அல்லது சான் பிரான்சிஸ்கோ மாறி வேகஸின் ஹாரி ரீட் விமான நிலையத்துக்குப் போவது வழக்கமான பாதை. மொத்தப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். மலிவு என்று உள்நாட்டுப் பகுதியைத் தனியாக வாங்கினால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிடும்போது அந்த நஷ்டம் உங்கள் தலையில் விழும். மாறும் ஊரில் மூன்று மணி நேரமாவது இடைவெளி வையுங்கள். அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே இமிக்ரேஷன் முடித்து, லக்கேஜை எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி, மறுபடி லக்கேஜைக் கொடுத்து, மறுபடி பாதுகாப்புச் சோதனையில் நிற்க வேண்டும். பெட்டியில் வேகஸ் வரைக்குமான சீட்டு ஒட்டியிருந்தாலும் பெரும்பாலும் இதுதான் நடைமுறை. வான்கூவர் வழியாகப் போனால் கனடாவின் அனுமதியும் தனியாக வேண்டும். லண்டனிலிருந்து வருகிறவர்களுக்கு வேகஸுக்கு நேரடி விமானம் இருக்கிறது.

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து காரில் போகலாம்: சுமார் 435 கிலோமீட்டர், நான்கு ஐந்து மணி நேரம். ஆனால் ஞாயிறு மதியம் வேகஸிலிருந்து திரும்பும் ஐ-15 நெடுஞ்சாலை ஊர்ந்துதான் நகரும். அன்றிரவே விமானம் இருந்தால் காரை நம்ப வேண்டாம்.

5. அறை

வேகஸில் அறை வாடகை நாளுக்கு நாள் மாறும். செவ்வாய்க்கிழமை 60 டாலருக்குக் கிடைக்கும் அறை வெள்ளி, சனியில் பல மடங்காகும். இதோடு ரிசார்ட் கட்டணம் என்று ஓர் இரவுக்கு 40 முதல் 55 டாலர் வரை தனியாக உண்டு. நீச்சல் குளத்தில் கால் வைக்காவிட்டாலும் கட்ட வேண்டும். 45 டாலர், அதன்மேல் 13 சதவீதத்தைத் தாண்டும் வரி, நான்கு இரவு என்று போட்டால் சுமார் 204 டாலர். 2025 மே முதல் மொத்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்று அமெரிக்காவில் விதி வந்துவிட்டது. இருந்தாலும் பணம் கட்டும் கடைசிப் பக்கத்தைத்தான் ஒப்பிட்டுப் பாருங்கள்.

செக்-இன் செய்யும்போது டெபாசிட் பிடித்துவைப்பார்கள். அதற்கு கிரெடிட் கார்டைக் கொடுங்கள். டெபிட் கார்டு கொடுத்தால் கணக்கிலிருந்து உண்மைப் பணமே முடங்கும், வெளிநாட்டு வங்கிக்கு அது திரும்பி வர ஒன்றிரண்டு வாரம்கூட ஆகலாம். பல ஹோட்டல்களில் அறை எடுப்பவருக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். அறையின் குட்டி ஃபிரிட்ஜில் இருப்பதைத் தூக்கிப் பார்த்து வைத்தாலே பில்லில் ஏறும் இடங்கள் உண்டு. இட்லிப் பொடி டப்பா வைக்க இடம் பண்ணுகிறேன் என்று அதில் கை வைக்காதீர்கள்.

எங்கே எடுப்பது? ஸ்ட்ரிப் என்ற பிரதான சாலையின் தென்கோடியில் உள்ள மாண்டலே பே, லக்ஸர், எக்ஸ்காலிபர் மூன்றிலிருந்தும் அரங்குக்கு நடந்தே போகலாம். மூன்றையும் இணைக்கும் இலவச டிராமும் இருக்கிறது. வடக்கே மலிவாகக் கிடைத்தாலும் ஆட்ட இரவில் வாடகைக் காருக்குக் கொடுக்கும் பணத்தில் அந்த மிச்சம் கரைந்துவிடும்.

6. டிக்கெட்

ஒரு டிக்கெட்டில் அன்றைய எல்லா ஆட்டங்களும் அடங்கும். 2025ல் பிரிட்டனின் விகன்–வாரிங்டன் ஆட்டமும் ஆஸ்திரேலியா–இங்கிலாந்து பெண்கள் ஆட்டமும் சேர்த்து ஒரே நாளில் நான்கு. முதலில் கிளப் உறுப்பினர்களுக்கு முன்விற்பனை, அப்புறம் பொது விற்பனை. உங்கள் அணியின் ரசிகர்கள் கூடும் பகுதியில் உட்கார வேண்டுமென்றால் முன்விற்பனையிலேயே வாங்குங்கள். இருக்கை எங்கே இருந்தாலும் சரி என்பவர்கள் அவசரப்பட வேண்டாம்.

அரங்கு அமெரிக்கக் கால்பந்துக்குக் கட்டியது. அந்த மைதானத்தின் அகலம் 49 மீட்டருக்குள். ரக்பி லீக் மைதானத்தின் முழு அகலம் 68 மீட்டர். அதனால் பக்கக்கோடு முன்வரிசையை ஒட்டி வந்துவிடும், எதிர்மூலை கண்ணுக்கு எட்டாது. கீழடுக்கின் மேல்வரிசைகளோ நடு அடுக்கோ நல்ல தேர்வு. பந்தோடு ஓடுபவரை மடக்கிப் பிடிக்கும் ஒவ்வொரு டாக்கிளுக்குப் பிறகும் தற்காப்பு வரிசை பத்து மீட்டர் பின்வாங்கி எப்படி ஒழுங்காகிறது, எந்தப் பக்கம் ஆள் குறைகிறது என்பது உயரத்திலிருந்துதான் தெரியும். ரக்பி லீக்கின் அழகில் பாதி அதில் இருக்கிறது.

டிக்கெட் காகிதமாக வராது, டிக்கெட்மாஸ்டர் செயலியில் இருக்கும். பார்கோடு நொடிக்கு நொடி மாறுவதால் ஸ்கிரீன்ஷாட் வாசலில் செல்லாது. வீட்டிலேயே செல்போன் வாலட்டில் சேர்த்துவையுங்கள். குழுவாக வாங்கியிருந்தால் ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். ஒரே போனில் எல்லாருடைய டிக்கெட்டும் இருந்தால் கடைசி ஆள் வரும்வரை எல்லாரும் வாசலில் நிற்க வேண்டும். அமெரிக்க இ-சிம் போட்டுக்கொண்டாலும் ஊர் எண்ணையும் உயிரோடு வையுங்கள், வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் அதற்குத்தான் வரும்.

7. காப்பீடு, மருந்து, பெட்டி

ஆஸ்திரேலிய அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் அமெரிக்காவில் செல்லாது. அங்கே ஓர் அவசர சிகிச்சைப் பிரிவு பில், பயணச் செலவு முழுவதையும் தாண்டிவிடும். கிரெடிட் கார்டோடு வரும் இலவசக் காப்பீட்டை நம்புகிறவர்கள், அந்தக் கார்டில்தான் விமானச் செலவைக் கட்டியிருக்க வேண்டுமா, சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் அதில் அடங்குமா என்று வாசித்துப் பாருங்கள். பெற்றோரை அழைத்துப் போனால் பழைய நோய்களைச் சொல்லியே காப்பீடு எடுங்கள், மறைத்து எடுத்தது தேவைப்படும் நேரத்தில் கைகொடுக்காது. மருந்து அதன் அசல் பெட்டியிலும் மருத்துவர் சீட்டோடும் கைப்பையில் இருக்கட்டும்.

சாப்பாட்டுப் பொருளில் கறிவேப்பிலை, பழம், இறைச்சி, கருவாடு வேண்டாம். பொடி, மசாலா வகைகளைச் சிப்பம் பிரிக்காமல் எடுத்துப் போய், கஸ்டம்ஸில் நீங்களே சொல்லிவிடுங்கள். அமெரிக்கா போகும் விமானத்தில் கைப்பையில் 350 மில்லிலிட்டருக்கு மேல் பொடி இருந்தால் தனிச் சோதனை, சில நேரம் பறிமுதல். பெரிய பெட்டியில் போட்டுவிடுங்கள். பகலில் இருபது டிகிரிக்குப் பக்கம் இருந்தாலும் இரவில் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும் ஊர் அது. ஸ்வெட்டரும், நடந்து பழகிய காலணியும் வேண்டும்.

8. இமிக்ரேஷன் கவுன்டரில்

எங்கே தங்குகிறீர்கள், என்றைக்குத் திரும்புகிறீர்கள், எதற்கு வந்தீர்கள்: இவ்வளவுதான் பெரும்பாலும். ஹோட்டல் முகவரி, திரும்பும் டிக்கெட், ஆட்ட டிக்கெட்டின் ரசீது மூன்றையும் காகிதத்தில் வைத்திருங்கள். அங்கே இணையம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது, போனை எடுக்கவும் விட மாட்டார்கள்.

நெவாடா மாநிலத்தில் 21 வயதானவர்களுக்குக் கஞ்சா கடையில் விற்கிறது. ஆனால் மத்தியச் சட்டத்தில் அது இன்னும் குற்றம். குடிமகன் அல்லாதவர் அதைப் பயன்படுத்தியதாக ஒப்புக்கொண்டால் பின்னாளில் அமெரிக்காவுக்குள் நுழையவே தடை வரலாம். கூட வரும் இளைஞர்களுக்கு இதைக் கிளம்பும் முன்பே அழுத்திச் சொல்லுங்கள்.

9. ஆட்ட நாள்

பை விஷயத்தில் கறார். 12 அங்குலம் நீளம், 12 உயரம், 6 அகலத்துக்குள் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பை, அல்லது உள்ளங்கை அளவுக் கைப்பை மட்டும். முதுகுப்பையோடு போனால் திருப்பி அனுப்புவார்கள். உள்ளே ரொக்கம் செல்லாது, கார்டு மட்டும். வெளியே போனால் மறுபடி உள்ளே வர முடியாது. மதியத்திலிருந்து இரவு வரை எட்டு மணி நேரம் உள்ளேயே இருக்கத் தயாராகப் போங்கள். கூரை மூடிய குளிர்சாதன அரங்கு என்பதால் சிறுவர்களுக்கு மேற்சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பீர் வாங்க நரைத்த தலைக்கும் அடையாள அட்டை கேட்பார்கள், பாஸ்போர்ட்தான் நிச்சயமாகச் செல்லும்.

பெரிய நிகழ்வு நாட்களில் மாண்டலே பே பக்கமிருந்து ஐ-15 மேல் போகும் ஹசியெண்டா பாலத்தை நடப்பவர்களுக்குத் திறந்துவிடுவார்கள். இருபது நிமிட நடை. முடிந்ததும் அதே வழியில் நடந்து ஸ்ட்ரிப்புக்கு வந்துவிடுங்கள். அரங்கின் வாசலிலேயே ஊபர் கூப்பிட்டால் விலையும் ஏறியிருக்கும், வண்டியும் வராது. மோனோரயில் அரங்குப் பக்கமே வருவதில்லை. ஸ்ட்ரிப்பில் டியூஸ் பேருந்து இரவு முழுக்க ஓடுகிறது.

உணவகத்தில் பில்லுக்கு மேல் 18 முதல் 20 சதவீதம் டிப்ஸ் வைப்பது அங்கே எழுதாத சட்டம். பெரிய குழுவாகப் போனால் அவர்களே பில்லில் சேர்த்திருப்பார்கள், பார்த்துவிட்டு வையுங்கள்.

10. திரும்பும் வழி

ஞாயிறன்று ஊரே ஒன்றாகக் கிளம்பும். உள்நாட்டு விமானத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்பே நிலையத்தில் இருங்கள். அறையைக் காலி செய்யும்போது பில்லை வாங்கி ரிசார்ட் கட்டணம் இரண்டு முறை ஏறியிருக்கிறதா என்று கவுன்டரிலேயே பாருங்கள், ஊர் வந்தபின் பேசித் திருத்துவது பெரும்பாடு. சிட்னியில் இறங்கும் முன் தரும் அட்டையில் உணவு, விதை, மரப்பொருள் எதுவாக இருந்தாலும் 'ஆம்' என்று குறியுங்கள். மாட்டிறைச்சி ஜெர்க்கி, விமானத்தில் கொடுத்த ஆப்பிள் இரண்டும் அபராதத்தில் கொண்டுவிடும். அறிவித்துவிட்டால் பொருளைத்தான் எடுத்துக்கொள்வார்கள்.